மருத்துவம் படிக்காமலும் டாக்டர் ஆகலாம்: பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டம்





பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் பலர் ஒரே கவலையோடுதான் வருவார்கள். "பிள்ளை டாக்டராக ஆசைப்பட்டான். நீட்டில் மார்க் போதவில்லை. இனி என்ன செய்வது?" என்பார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் நர்சிங், பிசியோதெரபி, ஊட்டச்சத்து, புள்ளியியல், சமூகப்பணி என்று ஏதோ ஒன்றைப் படித்து முடிக்கிறார்கள். மருத்துவத் துறையின் கதவு அத்தோடு மூடிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் ஊர்த் தறிக்காரர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். மகள் ஊட்டச்சத்துப் பாடத்தில் எம்.எஸ்சி. முடித்தவர். பொது சுகாதாரத்தில் பி.எச்டி. செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அத்தாவுக்கு அது பிடிபடவில்லை. "இன்னும் அஞ்சு வருசம் படிச்சு எந்த ஆஸ்பத்திரியில இவ உட்காருவா? ஊசி போட முடியுமா, மருந்து எழுத முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று எங்களால் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை விசாரித்துத் தெரிந்துகொண்டு, எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

ஊசி போட முடியாது, மருந்தும் எழுத முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயருக்கு முன்னால் வரும் 'டாக்டர்', முனைவர் என்ற பொருளில் வருவது. ஆஸ்பத்திரியில் இருக்கும் மருத்துவர் தம் முன்னால் வந்து உட்காரும் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொது சுகாதார ஆய்வாளர் ஓர் ஊரையே பார்க்கிறார். இந்த நோய் ஏன் இந்தத் தெருவில் அதிகம், மருந்து இலவசமாகக் கிடைத்தும் ஏன் பாதிப் பேர் சாப்பிடுவதில்லை, ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருந்தும் ஏன் யாரும் போவதில்லை என்று கேட்டு, ஆதாரத்தோடு பதில் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

ஒரு கேள்வி என்ன செய்யும்?

நம் தொழிலோடு சேர்ந்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறோம். இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற பகுதி ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போனது. 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அங்கே ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆய்வு செய்தார். அவர் கேட்ட முக்கியமான கேள்வி மிக எளிமையானது. "விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா? மற்ற நாட்களிலும் இருக்கிறதா?" பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' என்ற நோய் அப்படித்தான் தொடங்கும். ஓய்வுக்குப் பின் தூசி மறுபடி படும் முதல் நாளில் மூச்சு இறுகும், வாரம் போகப் போகக் குறைவது போலத் தெரியும். ஆண்டுகள் கழிந்தால் எல்லா நாளும் இறுகும், கடைசியில் வேலையே செய்ய முடியாமல் போகும். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களை வைத்து அவர் நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். பின்னாளில் பல நாடுகளில் பஞ்சாலை ஆய்வுகள் அந்தப் படிநிலைகளைத்தான் பின்பற்றின. நம் நாட்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

"மில்லுக்குப் போனால் இழுப்பு வருகிறது" என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது காற்றோடு போயிற்று. அதை எண்ணி, எழுதி, ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அது ஆய்வாகியிருக்கும்.

இரண்டாவது உதாரணம் நம் சென்னையில் நடந்தது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்து மருத்துவம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு ஆகியவை இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். படுக்கையோ சிலருக்கு மட்டும்தான் இருந்தது. 1956-ல் சென்னையில் காசநோய்க்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பிரிவுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான சிறு வீடுகளில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன் கிடைத்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும் வீட்டுப் பிரிவில் அதிகமாக இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. உலக நாடுகள் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவர இது பெரிய காரணமாயிற்று. இன்று காசநோயாளி தம் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமடைவது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் இப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

மூன்றாவது, நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுவது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரமலானில் நோன்பு வைக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வைக்க வேண்டாம் என்பார் என்று நினைத்துச் சொல்லாமலே வைப்பவர்கள் உண்டு. உண்மையில் எத்தனை பேர் வைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆகிறது? இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் கேட்ட ஆய்வு 2004-ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கும் நிகழ்வு மற்ற மாதங்களைவிட ரமலானில் பல மடங்கு கூடியிருந்தது.

இதற்குப் பிறகு மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து வழிகாட்டுதல்களை எழுதினார்கள். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், யாருக்கு நோன்பு ஆபத்து என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. "வைக்காதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவந்த இடத்தில், "எப்படி வைக்கலாம், யார் வைக்கக் கூடாது" என்ற பேச்சு வந்ததே ஓர் ஆய்வின் பலன்தான்.

நம் ஊரில் காத்திருக்கும் கேள்விகள்

பி.எச்டி. தலைப்பைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சாமளாபுரத்திலிருந்து சோமனூர், மங்கலம், பல்லடம் என்று எந்தப் பக்கம் போனாலும் கேள்விகள் கிடக்கின்றன.

தறிகுடோனுக்குள் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். இருபது வருடம் தறி ஓட்டியவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது? காதடைப்பான் கொடுத்தால் ஏன் போட்டுக்கொள்வதில்லை?

நைட் ஷிப்ட் பார்ப்பவர் காலை மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார்? அவருக்குக் காலை எது, இரவு எது?

பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பாத்ரூம் போக யோசித்துத் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் ரத்தசோகையும் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தக் கேள்வியை வீட்டுக்குள் போய்க் கேட்க ஒரு பெண்ணால்தான் முடியும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை தருகிறார். கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில் பூட்டுதானே தொங்கும்? பின்னாளில் திட்டம் வேலை செய்யும் இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு குடோனுக்கு அது வந்து சேர்கிறதா?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மிடையே வேலை செய்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள், எந்த மொழியில் வலியைச் சொல்கிறார்கள்?

இவற்றில் ஒன்றை எடுத்து முறையாக ஆய்வு செய்தால் அது முனைவர் பட்டத்துக்குப் போதும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர் பல மாதம் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியதை, இங்கே பிறந்த பிள்ளை தெரிந்துகொண்டே தொடங்குகிறது.

யார் சேரலாம்?

முதுகலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, நான்கு ஆண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. நர்சிங், பல் மருத்துவம், ஊட்டச்சத்து, சமூகப்பணி, புள்ளியியல், சமூகவியல் படித்தவர்கள் இத்துறையில் ஆய்வு செய்கிறார்கள். ஆனால் எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விண்ணப்பத்துக்கு முன் அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

இளங்கலை மட்டும் முடித்தவர்களுக்கு எம்.பி.எச். எனப்படும் இரண்டாண்டு பொது சுகாதார முதுகலை நல்ல படிக்கட்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-லிருந்து இதை நடத்துகிறது, அங்கே முனைவர் பட்டமும் உண்டு. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம் ஆகியவையும் இத்துறையில் பெயர் பெற்றவை.

வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குக் கோயமுத்தூரிலேயே வழி இருக்கிறது. பெண்களுக்கான அவினாசிலிங்கம் நிறுவனத்தில் ஊட்டச்சத்துத் துறையிலும், பாரதியார் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி, புள்ளியியல் போன்ற துறைகளிலும் சேர்ந்து, சுகாதாரம் சார்ந்த தலைப்பை எடுக்கலாம். பட்டத்தின் பெயர் வேறாக இருந்தாலும் ஆய்வு நம் ஊரின் உடல்நலத்தைப் பற்றியதாக இருக்க முடியும்.

எத்தனை வருடம், என்ன வேலை?

விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வரை தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழோடு பகுதிநேரமாகவும் செய்யலாம்.

முதலில் வகுப்புகள் இருக்கும். ஆய்வு முறைகளையும் ஆய்வு நெறிமுறைகளையும் படிக்க வேண்டும். அடுத்து நெறியாளரோடு பேசித் தலைப்பைத் தீர்மானித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். மனிதர்களிடம் செய்யும் ஆய்வு என்பதால், ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. அவர் சொன்னது வெளியே போகவும் கூடாது. பிறகுதான் வீடு வீடாக, குடோன் குடோனாகப் போய்த் தகவல் திரட்டும் வேலை. அதன்பின் கணக்கிட்டு, ஆய்வேடு எழுதி, நிபுணர்கள் முன் உட்கார்ந்து பதில் சொன்னால் பட்டம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். ஐந்தாறு வருடம் அவரோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

பணத்துக்கு என்ன வழி?

இங்கே ஒரு வருத்தமான செய்தியை முதலில் சொல்ல வேண்டும். சிறுபான்மை மாணவர்களின் ஆராய்ச்சிப் படிப்புக்காக 2009-ல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. மற்ற உதவித்தொகைகளோடு இது மேற்பொருந்துகிறது என்பது அரசு சொன்ன காரணம். இன்னும் பலர் அதை நம்பியே திட்டமிடுகிறார்கள். அது இல்லை என்று தெரிந்துகொண்டே திட்டமிடுங்கள்.

இருக்கும் பெரிய வழி நெட் தேர்வு. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வில் 'சமூக மருத்துவம் மற்றும் சமுதாய சுகாதாரம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் தகுதி மதிப்பீட்டுக்குப் பிறகு 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் தொகை உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப்படியும் தனியாக உண்டு. வயது வரம்பு 30, பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுகள் தளர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும், 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பி.எச்டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தனியாக ஜே.ஆர்.எஃப். தேர்வு நடத்துகிறது. ஓபிசி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையும் உண்டு, அதற்கும் நெட் எழுதியிருக்க வேண்டும்.

சான்றிதழில்தான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழக அரசின் 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கான பி.சி. முஸ்லிம் சான்றிதழ் வேறு, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழ் வேறு. உங்கள் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் இருக்க வேண்டும். வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்பும் புதிய தேதியில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடாமல், முதுகலை இறுதியாண்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற வேண்டாம்

"வீட்டிலிருந்தே ஒரு வருடத்தில் பி.எச்டி., வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம்" என்று போனில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். இப்படி ஆன்லைனில் தரும் பி.எச்டி. பட்டங்கள் செல்லாது என்று மானியக் குழு வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களையும் ஒதுக்குங்கள். அடுத்தவர் எழுதியது பிடிபட்டால் பட்டமும் போகும், மானமும் போகும்.

முடித்தால் வேலை நிச்சயமா என்று கேட்டால், நிச்சயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பல்கலைக்கழக ஆசிரியர் பணி, ஆராய்ச்சி நிறுவனங்கள், அரசின் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் தொடங்குகின்றன. இது தெரிந்தே இறங்க வேண்டிய படிப்பு.

வீட்டில் பேச வேண்டியது

பையனாக இருந்தால் "இத்தனை வயசுக்கு மேல் என்ன படிப்பு, தறியைப் பார்" என்கிறோம். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறோம். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. சம்பந்தம் பேசும்போதே "பிள்ளை ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள், முடிக்கும்வரை தொடர்வாள்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் திறந்து பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டுவிட்டுப் பிறகு பாதியில் நிறுத்தினால், அந்தப் பிள்ளையின் பல வருட உழைப்பும் வீணாகும்.

நம் ஜமாஅத்தாரும் தறி உரிமையாளர்களும் செய்யக்கூடிய ஓர் உதவி உண்டு. யாராவது ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு குடோன் வாசலில் வந்து நின்றால், "எதற்கு வம்பு" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அனுமதிக் கடிதத்தைப் பார்த்து, விவரம் கேட்டு, உள்ளே விடுங்கள். நம்மைப் பற்றிய கணக்கு இல்லாததால் நமக்கான திட்டமும் இல்லாமல் போகிறது.

தொடக்கத்தில் சொன்ன தறிக்காரர் இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. சென்ற வாரம் மறுபடி வந்தார். ரமலான் ஆய்வைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நோன்பு மாதத்தில் அவருடைய தாயார் ஒருமுறை மயங்கி விழுந்ததைச் சொன்னார். "அப்ப இதெல்லாம் யாரும் எங்ககிட்ட சொல்லலீங்க" என்றார். பிறகு, நெட் தேர்வுக்கு எவ்வளவு ஃபீஸ் என்று கேட்டார்.

மகள் வரும் தேர்வை எழுதுகிறார். அவருக்காகத் துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் முதுகலை முடித்து, அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளை இருந்தால், ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தையும் சான்றிதழ்களையும் சேர்ந்தே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.